கியூ 14க்கும் 15க்கும் நடுவில்

யூலை 12, வெள்ளி

சோளகக் காற்று. மண்டபத்துக் கூரைத் தகரம் காலையிலிருந்து அடித்தபடி. வாடகை மூவிங் லைட் கொழும்பிலிருந்து வந்துவிட்டது.

விளக்குக் குறிப்பில் கியூ 14, கதிரை. கியூ 15, கதவு. விளக்கு கதிரையில் அணைந்து, இருட்டுக்குள் தானாகத் திரும்பி, கதவில் எரிய வேண்டும். விளக்குப் போர்ட்டில் எட்டு விநாடி இருட்டு எழுதினேன். அதற்குள் வதனி அக்கா கதிரையால் எழும்பி, அந்தக் கதவால் உள்ளே போக வேண்டும். இடது கால் பொய்க்கால். நாடகம் முழுக்க இருந்தபடிதான் நடிப்பு.

"நான் நடக்கிறதை ஒருத்தரும் பாக்கக் கூடாது, தம்பி. அந்த இருட்டு என்ரை."

ஓம் என்றேன்.

டோர்ச்சுக்குப் பற்றரி வாங்க மறந்தேன்.

யூலை 13, சனி

முதல் காட்சி. ஆட்கள் வரமுதல் போர்ட்டில் தனியே ஓட்டிப் பார்த்தேன். எட்டு விநாடி தொய்வாகத் தெரிந்தது. நாலாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. லயம், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கம்பஸில் வாசித்ததன் கொழுப்பு.

விளக்கு திரும்பி முடியமுதல் எரிந்துவிட்டது. மேடையைத் துழாவிக்கொண்டு போனது. நடுவில் வ. அக்கா. ஒரு கையில் சேலைக் கரை, மற்றக் கை காற்றில்.

கைதட்டினார்கள்.

பிறகு கலந்துரையாடல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழும்பி, ஒளி அந்தப் பெண்ணைத் துரத்துவது நம் காலத்தின் குறியீடு என்றார். நொண்டுகிற நடிப்பையும் மெச்சினார். நாடக நெறியாளர் சிறீ அண்ணை அதைத் தன் யோசனைபோலவே விளக்கினார். என்னிடமும் கேட்டார்கள். இருளின் அரசியல் என்று ஏதோ கதைத்தேன். வ. அக்கா அதே கதிரையில். எனக்கு மூன்று முழத் தூரம். கதைத்தேன்.

யூலை 14, ஞாயிறு

பாண், சம்பல்.

சிறீ அண்ணை போனில். "உந்த லைட்டை அப்பிடியே வையடா. நல்லா வந்தது." பிழை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "ஓம் அண்ணை" என்று வந்தது.

பின்னேரம் ஒப்பனை அறை. அக்காவிடம் சொன்னேன். நான்தான் குறைத்தேன், குறியீடு ஒன்றுமில்லை, இன்றைக்குப் பதினைந்து விநாடி வைத்திருக்கிறேன், அண்ணைக்குத் தெரியாது.

கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம் என்ன?"

பொட்டு வைத்தார்.

காட்சி. கியூ 14. இருட்டு. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "அம்மா, கறண்ட் போயிட்டுது." மேடைப் பலகையில் பொய்க்காலின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நான். ஒன்றும் இல்லை.

கியூ 15. கதவில் விளக்கு. அதன் ஓர வெளிச்சத்தில் கதிரை. அக்கா எழும்பவே இல்லை.