பள்ளி வண்டிக்கு இறங்க வேண்டும்

என்னங்க,

நன்றாகத் தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி கதவிலேயே தொங்குகிறது. தையல் கம்பெனியில் இன்று லீவு தர மாட்டேன் என்றுவிட்டார்கள். பள்ளி வண்டி வரும்போது பாப்பாவை அழைத்துவர நீங்கள்தான் இறங்க வேண்டும்.

ஏணிமேல் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே பெயிண்ட் அடித்த மனிதர் நீங்கள். விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து நம் மாடி வீட்டுப் படிக்கட்டைக் கிணறு மாதிரி பார்க்கிறீர்கள். "படி இறங்கலாம், இன்னொரு அடி மட்டும் படக்கூடாது" என்றார் டாக்டர். நீங்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். நேற்று குழந்தை மாதிரி உட்கார்ந்தபடியே படிப்படியாக நகர்ந்து இறங்கினீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், "உங்க தலை என்ன தங்கத்துல செஞ்சதா?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக்கூடாது. நான் மட்டும் என்ன தைரியசாலி? நீங்கள் அசையாமல் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.

உட்கார்ந்தே இறங்குங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மாத்திரை போட்ட கையோடு இறங்க வேண்டாம், கிறுகிறுக்கும்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காலையில் சடை பின்னும்போது பாப்பா சொன்னாள்: "அப்பாவ வரச் சொல்லாதம்மா. நானே ஏறி வந்துடுறேன். அப்பா விழுந்துட்டா என்னால தூக்க முடியாதுல்ல?"

"அப்பா வருவாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.