வெட்டாத இறகு

அக்கா,

போன் அப்பாவிடம் இருக்கிறது. எல்லோரும் தூங்கியபின் பயந்துகொண்டே எழுதுகிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது, "இறகை வெட்டிட்டேன்டி, தைரியமா வெளிய விடு" என்றாய். நம்பித்தான் கூண்டைத் திறந்தேன். கிளி தென்னை உயரத்துக்கு எழும்பி, சம்பா வயல் பக்கம் போய்விட்டது. வெட்டிய இறகோடு அவ்வளவு உயரம் பறக்க முடியாது.

"ஒரு கிளியப் பாத்துக்கத் தெரியல, இவளுக்கு ஹாஸ்டல் ஒரு கேடா?" என்று அப்பா என் விண்ணப்பத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கதிர் முற்றிவிட்டது. கிளிக்கூட்டத்தை விரட்ட அவர் வெடி போடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

கிளி கூண்டில் கிடப்பது பாவமென்று தோன்றியிருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்தே விட்டிருப்போம்.

விண்ணப்பத்துக்கு மாதக் கடைசிதான் கெடு. அதுவரை உன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்குள் நீயே அப்பாவிடம் பேசிவிடு.

உன் தங்கை