சிரிக்காமல் எழும்பிய பிணம்

அக்டோபர் 11, சனி

காலையில வெயில். ரெண்டு மணிக்குப் பிறகு கொட்டும், தெரிஞ்ச கதைதான். தீபாவளி பிளவுஸ் குவிஞ்சு கிடக்கு. லைனிங் துணி முடிஞ்சுது, கட்டுகஸ்தோட்டையில வாங்கணும். வியாழக்கிழமை இவருக்கு நெஞ்சு ஒப்பரேஷன். அதை நினைக்காம இருக்க என்ன வேலை வந்தாலும் சரி.

வந்த வேலையைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இன்னைக்கு நான் பொணம்.

டிவி நாடகத்துக்கு. துப்பறியிற கதை, நம்ம மஹய்யாவப் பக்கம் வீடு ஒன்னுல ஷூட்டிங். இன்ஸ்பெக்டருக்குச் சட்டை தைச்சது நான். பட்டன் எல்லாத்தையும் கழுத்து வரைக்கும் பூட்டணும், அப்படி ஒரு பிறவி. சட்டையைக் குடுக்கப் போனா, பொணமா வரவேண்டிய அம்மாவுக்குக் காய்ச்சலாம். டைரக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா, நீங்கள் சும்மா படுத்தாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம். ஒரு சீன்தான்." வாய் ஓயாத என்கிட்ட போய் இதைக் கேட்க எவ்வளவு தைரியம். படுத்தேன். கதைப்படி விதவை. பொட்டை அழிச்சு, வெறும் நெத்தியில திருநீறு. கழுத்துல மாலை.

கதையில அந்த இன்ஸ்பெக்டர் உயிரோட இருக்கிற யாரையும் முகம் பார்க்க மாட்டான். செத்த வீட்டுல ஆறுதல் சொல்லத் தெரியாது. நேரா போய் "தேத்தண்ணி யாரு ஊத்தினது?"ன்னு கேட்பான். அழுதுகிட்டு இருக்கிறவங்க அடிக்காத குறை. செத்தவங்களை மட்டும்தான் நேருக்கு நேர் பார்ப்பான். நடிக்கிறது பிரதீபன், நாவலப்பிட்டி, முப்பது வயசு இருக்கும். கமராவுக்கு வெளியிலயும் அதே ஆள்தான். அளவெடுக்கிறப்போ என் டேப்பையே பார்த்துக்கிட்டு நின்னான். திமிர்னு நினைச்சிருந்தேன்.

பக்கத்துல வந்து உட்கார்ந்தான். என் கண்ணு மூடியிருக்கு, ஆனா பார்க்கிறான்னு தெரியுது. வசனம் இல்ல. வீடு நிறைய ஆள், ஒரு சத்தம் இல்ல. கலைஞ்சிருந்த என் சேலை மடிப்பை ஒத்த விரலால சரி பண்ணினான். "மன்னிச்சுக்கங்க. வரப் பிந்திட்டேன்." அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பொணத்துக்குப் புல்லரிக்கலாமா? கமராவுல தெரியலையாம். இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்ல. இதையும் பார்க்கல, கண்ணு மூடித்தானே இருந்துச்சு.

உடனே மழை. கரண்ட் போச்சு. ஆளாளுக்கு வயரைத் தூக்கிட்டு ஓட்டம். மாலையைக் கழட்டி வச்சிட்டு நானும் ஓடி வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாத்தனார் கோமதி வந்தா. பெருமையா சொன்னேன். அவ முகம் செத்துப் போச்சு.

"சிரிச்சீங்களா அண்ணி?"

படத்துல பொணமா படுத்தவங்க மாலையைக் கழட்டின கையோட கமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அதையும் எடுப்பாங்க. தோஷம் அதோட போயிடும்னு வழக்கம். டைரக்டரும் சொல்லித்தான் வச்சிருந்தார். மழையில எல்லாருக்கும் மறந்து போச்சு.

"அண்ணனுக்கு வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கப் போறாங்க. நீங்க பொட்டை அழிச்சுப் படுத்துட்டு, சிரிக்காம எழும்பி வந்திருக்கீங்க."

வாயைக் கழுவுடின்னு விரட்டினேன். இவருக்கு விளையாட்டு. "பொணம் நீ. போனா நீதான் போவ. நான் ஒரு புதுப்பொண்ணு பார்க்கிறேன்."

அடுப்படியில போய் அழுதேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

வானம் மப்பு. டைரக்டருக்குப் போன்ல கோல் எடுத்தேன். கொழும்புல நிக்கிறார். "ஓம் அக்கா, மறந்துதான் போனம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அடுத்த மாசம் வாறன், எடுப்பம்."

அடுத்த மாசமாம்.

கண்ணாடி முன்னால சிரிச்சுப் பார்த்தேன். பல்லு வலிக்காரி மாதிரி இருந்துச்சு. சும்மா நம்பிக்கைதான், எனக்கும் தெரியும். தெரிஞ்சதும் பயம் போயிடுதா? பிளவுஸ் ஒன்னுல இடது கையை வலது பக்கம் வச்சுத் தைச்சு, உட்கார்ந்து பிரிச்சேன்.

அக்டோபர் 15, புதன்

இவரை வார்ட்டுல சேர்த்தாச்சு. உடுத்த சாரம், துடைக்கத் துவாய், குளிக்கச் சவர்க்காரம், பிளாஸ்க். காலையில மொதல் ஆள் இவர்தானாம்.

பின்னேரம் பார்க்க விடுற நேரம். வார்ட் வெளி வராந்தாவுல யாருன்னு பார்த்தா பிரதீபன். கழுத்து வரைக்கும் பட்டன். என் செருப்பைப் பார்த்துப் பேசினான்.

"மாலையைக் கழட்டினீங்க. சிரிக்கல. நான் பார்த்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வரல."

நாவலப்பிட்டியில பஸ் ஏறி, என் கடை பூட்டியிருக்கவும் பக்கத்துக் கடையில விசாரிச்சு வந்திருக்கான். என் சிரிப்பைப் போன்ல எடுக்கப் போறான்னு நினைச்சேன். தோள் பையைத் திறந்தான். அதே கமரா.

"வேற கமரா சரிவராது. கமராக்காரர் வீடு கண்டியிலதான். கேட்டு வாங்கினேன்."

இவரும் சாரத்தோட மெதுவா நடந்து வராந்தாவுக்கு வந்துட்டார். பிரதீபன் கமராவுக்குள்ள பார்த்துச் சொன்னான்: "பொட்டு இருக்கு. சரி. சிரிங்க."

பொலிஸ் மாதிரி. எனக்கு அழுகைதான் வந்துச்சு. நிக்கவே இல்ல. அவன் ஆறுதல் சொல்லல, கமராவை நிப்பாட்டவும் இல்ல. அப்படியே நின்னான். காது மட்டும் சிவந்து போச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம என் கையில இருந்த தேத்தண்ணிப் பிளாஸ்க்கைப் பார்த்து, நாடகத்துல கேட்கிற அதே குரல்ல, "தேத்தண்ணி யாரு ஊத்தினது?"

இவர் ரெண்டு கையையும் நீட்டினார். "நான்தான் சார். புடிச்சிட்டுப் போங்க. காலையில எனக்கு வேற ஒரு சோலி இருக்கு, அதுக்குள்ள விட்டுடணும்."

சிரிச்சேன். வார்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக. அப்பத்தான் பிரதீபன் கமராவை விட்டுத் தலையைத் தூக்கி என் முகத்தை நேரா பார்த்தான். உயிரோட இருக்கிற என்னை. அந்தப் பார்வையை எப்படி எழுதுறதுன்னு தெரியல.

"எடுத்தாச்சு"ன்னான். போயிட்டு வாறேன்னுகூட சொல்லாம படியிறங்கிட்டான்.

அக்டோபர் 16, வியாழன்

விடியக்காலையில இருந்து மழை. உள்ள கொண்டு போகும்போது கண்ணடிச்சார். கோமதியும் நானும் வெளியில கதிரையில உட்கார்ந்திருந்தோம். சாப்பிடல. பின்னேரம் டொக்டர் வந்து நல்லபடியா முடிஞ்சுதுன்னார். அவர் கையைப் புடிச்சு அழுதேன். காப்பாத்தினது அவர்தான். இருந்தாலும் கோமதிகிட்ட, "சிரிச்சேன்டி"ன்னு சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். பிளவுஸ் ஒன்னும் முடியல, தைக்கக் குடுத்தவங்க ஏசட்டும்.

இவர் தொண்டையில இருந்த குழாயை எடுத்துட்டாங்க. என்னை ஒரு நிமிஷம் உள்ள விட்டாங்க. குரல் வெறும் காத்து, குனிஞ்சுதான் கேட்டேன்.

"அந்தத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தியா?"

குடுக்கல. பிளாஸ்க் என் கையிலயே இருந்திருக்கு.