ஷேர்ஷாவுக்கும் ஐந்து வருடம்தான்

4 நவம்பர் 1996

கோவையில் இரண்டு நாள் பயிற்சி முடிந்தது. புதிய ஊராட்சித் தலைவர்களுக்கானது. மத்தியானம் சாம்பார் சாதம், தயிர் சாதம். கூடவே ஒரு கையேடு: 'வரலாற்று நாயகர்கள் கற்றுத் தரும் தலைமைப் பாடங்கள்'. அசோகர், ஷேர்ஷா, நெப்போலியன். பெண்களை விட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா, கடைசிப் பக்கத்தில் ரசியா சுல்தானா.

அவிநாசி டுடோரியலில் வரலாறு நடத்துகிற எனக்கு எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். கையேட்டின் முடிவில் ஒரு கேள்வி: 'நீங்கள் பின்பற்ற விரும்பும் தலைவர் யார்? ஏன்?' ஜனவரிப் பயிற்சிக்கு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

ஷேர்ஷா தில்லியை ஆண்டது ஐந்து வருடம். எனக்கும் ஐந்து வருடம். அவர் வங்காளத்திலிருந்து சிந்து வரை சாலை போட்டார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்கள் காலனி வரை தண்ணீர் வந்தால் எனக்குப் போதும்.

9 நவம்பர்

முதல் கூட்டம். நடந்த இடம் ஊராட்சி அலுவலகம் அல்ல, துணைத் தலைவர் பொங்கியண்ணனின் சாளை, தோட்டத்து வீடு. தலைவர் பதவி இந்த முறை தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்படும் வரை அவர்தான் தலைவர். பழக்கம் விடவில்லை.

என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மணி" என்றார். கூட வந்த அப்பாவைப் பார்த்து, "வாடா மாரா" என்றார். அப்பாவுக்கு அறுபது வயது. இளவயதிலிருந்து அந்தத் தோட்டத்தில்தான் வேலை. ஒரே மூச்சில் இரண்டு மரியாதை. பழகாதவர்களுக்கு வராது.

கூட்டம் ஆசாரத்தில், வீட்டு முன்கூடத்தில். நான் வாசலில், வேப்ப மரத்தடியில், எனக்கென்றே போட்ட ஸ்டூலில். ஆறு உறுப்பினர்களில் எங்கள் காலனிச் சின்னான் மட்டும் என் பக்கத்தில் நின்றான். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி. எனக்கும் சின்னானுக்கும் புத்தம் புதிய பிளாஸ்டிக் கப். குடித்ததும் எறிந்துவிடலாம், யாருக்கும் கழுவும் சிரமம் இல்லை. அறிவியல் வளர்ச்சி.

தண்ணீர்ப் பேச்சை எடுத்தேன். ஊருக்குள் காலை முழுக்கத் தண்ணீர், காலனிக்கு அரைமணி. பொங்கியண்ணன் சிரித்தார். "அதுக்கெல்லாம் நீங்க எதுக்குங்க கவலப்பட்டுட்டு? கையெழுத்து மட்டும் போட்டுப்போடுங்க அம்மணி, மிச்சத்த நாங்க பாத்துக்கறோமுங்க."

இவ்வளவு பணிவாக யாரும் என்னை வெளியே நிறுத்தியதில்லை.

12 நவம்பர்

உத்திரமேரூர்க் கல்வெட்டு. குடவோலை முறை. டுடோரியலில் இன்று நடத்தினேன். சபை உறுப்பினராகச் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் ஓதத் தெரிய வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும். எனக்கு இருபத்தேழு. மற்ற தகுதிகளும் அதே அளவில்தான். சோழர் காலத்து ஜனநாயகத்தைப் பாராட்டி நாலு வரி எழுதுக என்று மாணவர்களுக்குச் சொன்னேன்.

17 நவம்பர்

'நான் உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும் மக்கள் காரியத்தை வந்து சொல்லலாம்' என்று அசோகர் பாறையில் வெட்டி வைத்தார். என் அலுவலகச் சாவி பொங்கியண்ணன் இடுப்பில் இருக்கிறது.

கேட்டேன். "உள்ள ஒரமூட்டதானுங்க கெடக்குது" என்றார்.

25 நவம்பர்

நெப்போலியன். கிரீடத்தைப் போப்பாண்டவர் சூட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. தானே எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்குப் பாரிஸின் பெரிய தேவாலயம். எனக்கு ஒரு சுத்தியல். ஊராட்சி எழுத்தர் கோவிந்தராஜுலுவைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு பூட்டை உடைத்தேன். அவர் முழு நேரமும் எதிரே இருந்த புளிய மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உரமூட்டைகளைச் சின்னான் வெளியே அடுக்கினான். அடியில் தலைவர் நாற்காலி கிடந்தது. ஒரு கால் ஆட்டம். செங்கல் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் டிசம்பர் 11, அலுவலகத்தில். ஒரே பொருள்: எல்லா வீதிக்கும் ஒரே அளவு நேரம் தண்ணீர்.

2 டிசம்பர்

கூட்ட அறிவிப்பைக் கொடுக்க நானே வீடு வீடாகப் போனேன். உறுப்பினரே கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

பொங்கியண்ணனின் தம்பி திருமூர்த்தி வீடு. வார்டு உறுப்பினர் அவர் மனைவி முத்தாத்தாள். பெண்கள் வார்டு என்பதால் அவர் நின்று ஜெயித்தார். கூட்டத்துக்குத் திருமூர்த்தி போவார், பேசுவார், கை தூக்குவார். இன்றும் பேனாவுக்குக் கை நீட்டினார். உறுப்பினர்தான் போட வேண்டுமுங்க என்றேன். உள்ளேயிருந்து முத்தாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாக, பெரிய எழுத்தில் போட்டார்.

"போன கூட்டத்துல நான் கை தூக்குனேனுங்களா?" என்று கேட்டார்.

தூக்கியதாக எழுதியிருக்கிறது என்றேன்.

தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருமூர்த்தி டிவிஎஸ் ஐம்பதைத் துடைக்கப் போய்விட்டார்.

6 டிசம்பர்

அப்பாவைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"கொஞ்ச நாளு ஊட்லயே இருடா மாரா, உம்பொண்ணுதான் பெரிய ஆளாயிட்டாளே" — பொங்கியண்ணன் இவ்வளவுதான் சொன்னாராம். இத்தனை வருசம் ஒழைச்ச மனுசன். மண்வெட்டியக் கழுவி வெச்சுப்போட்டு வந்துட்டாரு. எதுக்கு இதெல்லாம்? யாரு கேட்டா என்னைய?

அம்மா சோறு போட்டாள். அப்பா சாப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கூட்டத்த நிறுத்திப்போடாத கண்ணு. நிறுத்துனா எனக்கு வேலயும் போச்சு, தண்ணியும் போச்சு" என்றார்.

நிறுத்தவில்லை.

10 டிசம்பர்

பொங்கியண்ணன் ஆசாரத்தில் முடிவாகிவிட்டதாம்: நாளை யாரும் போவதில்லை. தலைவர் தவிர இரண்டு உறுப்பினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். சின்னான் ஒருவன்தான் வருவான். கோவிந்தராஜுலு இதைச் சொல்லிவிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார்.

ரசியா சுல்தானா திரையை விலக்கிவிட்டு அரசவையில் நேராக உட்கார்ந்தார். பாடம்: துணிவு. நாலு வருடம்கூட முடியவில்லை, கொன்றுவிட்டார்கள். அதைப் பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை.

யாரும் வராவிட்டாலும் போய் உட்காருவேன். காலி அறையைப் பார்த்து உட்கார்ந்தாலும் அது தலைவர் நாற்காலிதான்.

11 டிசம்பர்

பதினொரு மணிக்குக் கூட்டம். செங்கல் வைத்த நாற்காலியில் நான். பெஞ்சில் சின்னான். சுவரோரம் கோவிந்தராஜுலு, கண் கடிகாரத்தில். பதினொன்றேகால். வெளியே செருப்புச் சத்தம்.

முத்தாத்தாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ, கல்யாணத்துக்கு வந்ததுபோல. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

கோவிந்தராஜுலு தயங்கி, இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பேச்சு இருந்ததே என்றார்.

"அவருகிட்ட வந்து, போக வேண்டாமுன்னு சொன்னாங்க. அவரு போகல, தோட்டத்துல இருக்கறாரு" என்றார் முத்தாத்தாள். "எங்கிட்ட யாரும் ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

உண்மை. உறுப்பினர்களையெல்லாம் தடுத்த பொங்கியண்ணன், அந்த வார்டில் திருமூர்த்தியைத் தடுத்தார். உறுப்பினர் வேறு ஆள் என்பது அவருக்கு நினைவில் இல்லை. தம்பிக்கும் இல்லை.

தீர்மானத்தைப் படித்தேன். சின்னான் கை தூக்கினான். முத்தாத்தாள் தூக்கினார், கோவிந்தராஜுலு எழுதி முடிக்கும் வரை இறக்கவில்லை.

அதற்குள் திருமூர்த்தி வண்டியில் பறந்து வந்துவிட்டார். வாசலோடு நின்றார். உள்ளே வந்தால் கூட்டத்துக்கு வந்ததாகிவிடும், வரக்கூடாது என்பது அண்ணன் உத்தரவு. "ஏனுங்க முத்தா, ஊட்டுக்கு வா" என்றார். பதற்றத்தில் மனைவிக்கும் ஒரு 'ங்க' சேர்ந்துவிட்டது.

"முடிச்சுப்போட்டு வாரேனுங்க. வெயில்ல நிக்காதீங்க."

டீ வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர். முத்தாத்தாள் டம்ளர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்றார்.

19 டிசம்பர்

அப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில் வேலை. களத்தில் தேங்காய் காயப் போடுவது. முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும், முதுகு வலிக்கிறது என்கிறார். மேஸ்திரி 'வாங்க மாரப்பா' என்கிறாராம். இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

3 ஜனவரி 1997

முத்தாத்தாள் அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று பொங்கியண்ணன் இந்த முறை அவரிடமே நேராக வந்து சொன்னாராம்.

"கல்யாணமாயி இத்தன வருசத்துல பெரியவரு எங்கிட்ட ஒரு சங்கதி பேசுனது இதாங்க மொதல்" என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"அடுத்த கூட்டம் என்னைக்குன்னு கேட்டுட்டு வாரேனுங்கன்னு சொன்னேன். என்னைக்குங்க?"

20 ஜனவரி

நாளை மறுநாள் பயிற்சி. கையேட்டுக் கேள்விக்குப் பதில் எழுதினேன்.

பின்பற்ற விரும்பும் தலைவர்: முத்தாத்தாள், மூன்றாவது வார்டு.

ஏன்: தன்னிடம் சொல்லப்படாத உத்தரவுக்கு அவர் கீழ்ப்படியவில்லை. பிறகு, சொல்லப்பட்டதற்கும்.

பயிற்சியாளர் மதிப்பெண் குறைப்பார். குறைக்கட்டும்.

இன்று காலை, தீர்மானப்படி முதல் நாள், காலனிக் குழாயில் அரைமணி தாண்டியும் தண்ணீர் நிற்கவே இல்லை. குடம், அண்டா, சொம்பு எல்லாம் நிறைந்தாகிவிட்டது. அம்மா கடைசியாக என் டிபன் பாக்ஸிலும் பிடித்து வைத்துவிட்டு, இன்னொரு குடம் வாங்கி வரச் சொன்னாள்.