பட்டியலில் ஆறாவது

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நெட்டை எழுதுவது. நலம் விசாரித்துக்கொள்கிற நிலைமையில் நாம் இரண்டு பேருமே இல்லை, அதனால் நேராக உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். காலையில் காய்ச்சல் நூற்றிரண்டு. நெஞ்சுச் சளி குறையவில்லை. இடுப்பு ஆபரேஷனை இப்போதைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று போனில் "தேறி வர்றார்டா" என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அதைவிடப் பெரிய ஒன்றையும் மறைத்திருக்கிறேன். பேசினால் பாதியில் மழுப்பிவிடுவேன், என்னை உனக்குத் தெரியாதா? அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒற்றை விரலில் இந்த மெயிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். படித்து முடித்ததும் முப்பது வருஷப் பழக்கத்தை நீ முறித்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கமாட்டேன்.

அப்பா விழுந்த அன்று அவர் கழுத்தில் தொங்கிய அவசர பட்டன் வேலை செய்யாமல் போனதற்கு சமையல் அக்கா காரணம் இல்லை. நான்தான்.

போன மாதம் நீ என்ன சொன்னாய்? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா முகம் அப்படியே நின்றுவிடுகிறது, பேச்சு விட்டு விட்டு வருகிறது, ஒரு எட்டு போய்ப் பாரேன் என்றாய். போனேன். ஊரில் பாதி வாஷிங் மெஷினைப் பிரித்து மாட்டியவன் நான், இந்த ரவுட்டர் எம்மாத்திரம் என்கிற திமிர். டிவிக்குப் பின்னால் புழுதியில் கிடந்ததை எடுத்துத் துடைத்து அலமாரி மேல் வைத்தேன். அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனேன். யார் யார் இந்த நெட்டில் இருக்கிறார்கள் என்று அங்கே ஒரு பட்டியல். அப்பா போன், நீ அனுப்பிய டேப், டிவி, அக்கா போன், என் போன். ஆறாவதுக்குப் பெயரே இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு.

"பிடிச்சிட்டேன்பா திருடனை!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா பயந்தே போனார். மாடியில் குடியிருக்கிற தையல்காரர்தான் ஓசியில் இழுக்கிறார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த ஆறாவதைத் தடுத்துவைத்துவிட்டு, ரவுட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. அணைத்துப் போட்டதால் சரியானதை, திருடனைத் துரத்தியதால் சரியானதாக நினைத்துக்கொண்டேன், மடையன். படிக்கட்டில் தையல்காரரை நிறுத்தி, "என்ன சார், இன்னைக்கு நெட் வரலையோ?" என்று நக்கல் வேறு. அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் முழித்தார்.

பட்டன் இருப்பது எனக்குத் தெரியும். அமுக்கினால் உனக்குப் போன் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் அதற்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது, அது வைஃபையில்தான் ஓடுகிறது என்பது தெரியாது. நீ மாட்டும்போது நான் ஊரில் இல்லை. அப்புறமும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

பதினெட்டு நாள் கழித்து, காலையில் அக்கா வேலை முடித்துக் கிளம்பின பிறகு, அப்பா குளியலறையில் விழுந்தார். மறுநாள் காலை அக்கா வந்து கதவைத் திறக்கிறவரை ஈரத் தரையிலேயே கிடந்தார். அதெல்லாம் உனக்குத் தெரியும். நீ போனில் பார்த்தபோது அந்தப் பெட்டி பதினெட்டு நாளாகத் தொடர்பில் இல்லை என்று காட்டியது. பெருக்கும்போது அக்காதான் பிளக்கைப் பிடுங்கியிருப்பாள் என்று நீ சொன்னாய், நானும் தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாதுடா. அதை மட்டும் நம்பு.

முந்தாநாள் அப்பாவின் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பையை இழுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தால் அந்தப் பெட்டி. பிளக் நன்றாகத்தான் மாட்டியிருந்தது, சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் பன்னிரண்டு எழுத்து. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பன்னிரண்டும் அந்த ஆறாவதேதான். தடையை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, லைட் பச்சையாகிவிட்டது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்னும் இருக்கிறது. அப்பா விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "தம்பி, கட்டிலுக்கு அடியில எப்பவும் பச்சையா எரியும், இப்ப சிவப்பா எரியுது, வந்து பாக்கறீங்களா?" என்றாள். நான் கடையில் வேலையாக இருந்தேன். "கரன்ட் வருதுன்னு அர்த்தம்க்கா, அதுல கை வைக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ அவளைக் கன்னாபின்னாவென்று திட்டி வேலையை விட்டு நிறுத்தியபோது அவள் என் பேரைச் சொல்லவே இல்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. அதே தெருவில் இன்னொரு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் அப்பா காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அவனுக்கு வரவே இல்லையா?" என்று கேட்டார். மூன்று தடவை கேட்டார். இத்தனை நாளும் நீ பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, மருந்து மயக்கம் என்று உனக்குச் சமாதானம் சொன்னேனே, அது மயக்கம் இல்லைடா. அத்தனை மணி நேரமும் பட்டனை அமுக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார். நீ பார்த்தும் வேலை மும்முரத்தில் எடுக்காமல் விட்டுவிட்டாய் என்று நினைத்திருக்கிறார். "பாவம்டா அவன்" என்று சொல்லி அழுதார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பண்ணினதை அவன்கிட்ட சொல்லிடாதே. எனக்கப்புறம் இங்க அவனுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றார்.

அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பழி அக்கா தலையிலேயே நின்றுவிடும். முதலில் அவளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு. தையல்காரரிடம் நீ வந்த பிறகு நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இருபதாம் தேதி டிக்கெட்டை மாற்றி உடனே கிளம்பு. டாக்டர் நாள் கணக்குச் சொல்கிறார். அப்பா இன்று கண்ணைத் திறக்கிறபோதெல்லாம் உன்னைத்தான் கேட்கிறார். நீ வருகிறவரை அவர் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். வந்து இறங்கியதும் ஒரு வார்த்தை அனுப்பு போதும், நீ வார்டுக்குள் வருவதற்குள் நான் எழுந்து போய்விடுகிறேன்.

நெட்டை