மாறன் இருக்கும் கப்பலின் நம்பர்

ஆண்டிமடம்
புதன்கிழமை

அன்புள்ள தமிழ்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு, இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன் தம்பி கரை வந்து சேராமல் அதை எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறோம், ஏதோ சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள். ஜெனீவாவில் குளிர் எப்படி இருக்கிறது, காதை மூடிக்கொண்டுதானே காலேஜுக்குப் போகிறாய்? போனில் நீ பேசுகிற வேகத்துக்கு நான் ம்ம் ம்ம் என்கிறேனே தவிர பாதி விளங்குவதில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுக் கவிதா படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

மாறன் பேசி இன்றோடு பதினெட்டு நாள். டீசல் தீர்ந்துவிட்டது, கப்பலில் கரண்ட் இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது. எனக்கு ஒன்று விளங்கவே மாட்டேன் என்கிறது. கப்பல் முதலாளி ஒரு நாட்டுக்காரன், கப்பலில் பறக்கிற கொடி வேறொரு நாடு, நாலு மாசமாகக் கேட்பாரில்லாமல் நிற்கிற துறைமுகம் மூன்றாவது நாடு, உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது நம் பிள்ளை. நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? நீ கொடியைப் பிடி என்கிறாய். கொடிக்கும் என் பிள்ளை பசிக்கும் என்னடி சம்பந்தம் என்றால், அந்தக் கப்பல் கொடி நாட்டுச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டது என்கிறாய். சரி, சட்டம் படிக்கிறவள் சொல்கிறாய்.

நீ சொன்ன கடல் தொழிலாளர் உடன்படிக்கையை ஜெயங்கொண்டம் நெட் சென்டரில் நூறு பக்கத்துக்கு மேல் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, நானும் அப்பாவும் அரியலூர் கோர்ட்டுக்குப் போய் வக்கீல் ஜானகியம்மாவிடம் கொடுத்தோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மொதல்ல வந்ததுங்க, கப்பல அம்போன்னு வுட்டுட்டுப் போனா யாரு பொறுப்புங்கிற விதிய பின்னாடிதான் சேத்தாங்க, அது இதுல இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். சட்டத்தில்கூடப் பழசு புதுசு உண்டா தமிழு? புதுசாகவே இருந்தாலும் அந்தக் கொடி நாடு அதை ஏற்றுக்கொண்டதா என்று வேறு ஒரு பட்டியலில் பார்க்க வேண்டுமாம். தலை கிர்ரென்று சுற்றியது. பஸ்ஸில் அப்பா அந்தக் காகிதக் கட்டை ஆண்டிமடம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் அந்தக் கப்பல் பெயர் குழப்பம். மாறனை வேலைக்கு அனுப்பிய பெரம்பலூர் ஏஜெண்டு ராசாங்கம் கொடுத்த வேலை ஆர்டரில் இருக்கிற பெயரை வைத்துத் தேடினால் அப்படி ஒரு கப்பலே கிடைக்கவில்லை என்றாய். பெயரை மாற்றுவார்கள், கொடியைக்கூட மாற்றுவார்கள், ஏழு இலக்க நம்பர் மட்டும் மாறாது, கப்பலின் பின்பக்கம் எழுதியிருக்கும், அது தெரிகிற போட்டோ இருக்கிறதா தேடும்மா என்றாய். மாறனைக் கேட்கவும் வழியில்லை, பீரோ முதல் அரிசி டிரம் வரைக்கும் குடைந்துவிட்டேன். அவன் வேலையில் சேர்ந்தபோது கூட்டாளிகள் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைத்தார்களே, நம் துரை கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அந்தக் கப்பலுக்கு முன்னால் நிற்பானே, அதைத்தான் முந்திரிக்கொட்டை மூட்டைமேல் போட்டிருந்தோம். சனிக்கிழமை தூறல் போட்டதும் அப்பா அதை இழுத்து மூடுகிறார், பார்த்தால் மாறன் தலைக்கு மேலே வெள்ளை எழுத்தில் வேறொரு பெயர், அதன் கீழே நம்பர்! கடைசி எண்ணின் மேல் கூட்டாளிகளில் ஒருவன், அந்த ராஜராஜன் பயல், தன் மூஞ்சியை ஒட்டி வைத்திருக்கிறான், எனக்கு வந்த ஆத்திரம். முதல் ஆறு எண் இருந்தால் ஏழாவதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று நீ சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, நம்பரை வைத்துக் கப்பலைப் பிடித்துவிட்டேன், கொடி நாடு புதிய விதியையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது, முதலாளி கைவிட்டால் கப்பலின் இன்சூரன்ஸ்காரன்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றாய். நான் அழுதேவிட்டேன். உடனே, ஆனால் அந்த இன்சூரன்ஸ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாய். உன் படிப்பில் ஆனால் இல்லாமல் ஒரு வார்த்தை கிடையாதா?

இனிமேல்தான் விஷயமே. நேற்று ராசாங்கம் வீட்டுக்கு வந்தான். மாறன் என்னைத்தானே வாரிசாக எழுதியிருக்கிறான், அதனால் ஒரு தாளில் என் கையெழுத்து வேண்டுமாம். "போட்டுக் குடுங்கம்மா, பத்து நாள்ல பையன் பிளைட் ஏறிடுவான்" என்றான். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, இனி எங்கேயும் புகார் செய்ய மாட்டோம் என்று இங்கிலீஷில் எழுதியிருப்பதாகக் கவிதா படித்துச் சொன்னாள். எதைப் பார்த்தாலும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார் என்பாயே, அதையே நானும் கேட்டேன். தேதி இல்லை, கம்பெனி பெயர் இல்லை, கப்பல் நம்பர் இல்லை. பையனை அனுப்புகிறோம் என்றும் ஒரு வரி இல்லை. அப்பாவோ, "போட்டுத் தொலைடி, புள்ள வந்து சேரட்டும்" என்று கத்துகிறார். நான், "அனுப்புறோம்னு எழுதி, நம்பரப் போட்டு, கம்பெனி கையெழுத்தோட கொண்டாங்க, அப்ப போடுறேன்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஒங்க புள்ள அங்கியே கெடக்கட்டும்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. போட்டிருந்தால் அவன் வந்திருப்பானோ, நான்தான் வீம்புக்குக் கெடுத்துவிட்டேனோ என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மனசு மாறுகிறது. நீ சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் பேசினேன், ஆனால் அது எனக்கு முழுசாக விளங்கிப் பேசியதில்லை தமிழு.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. சிறுவாச்சூர் ஆத்தா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். இதைப் படித்ததும் கூப்பிடு. நான் செய்தது தப்பாகவே இருந்தாலும் முதலில் சரிதாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அப்புறம் சட்டத்தைச் சொல்.

உன் அம்மா,
செ. உண்ணாமலை