கன அடியில் வந்த கப்பல்கள்

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் புது வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நம் நாடும் நீங்கள் இருக்கும் நாடும் பன்னிரண்டு வருடமாக தேக்கு மாதிரி வன்மரம் எவ்வளவு இறக்குமதி செய்தன என்று ஒப்பிட வேண்டும். நம் பக்கம் வருடா வருடம் இறங்குமுகம். உங்கள் பக்கம் கடைசி மூன்று வருடக் கணக்கு இன்னும் வெளியாகவில்லை. அந்த நாட்டு மரமெல்லாம் வந்து இறங்கும் துறைமுகத்து மரக்கிடங்கில் அளப்பவர் நீங்கள்; உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்? தோராயமாகவாவது எழுதி அனுப்புங்கள்.

விடுமுறை கேட்டீர்களா? மூன்று வருடமாக “அடுத்த கப்பல் இறங்கட்டும்” என்கிறீர்கள். அது என்ன கப்பலோ, இறங்கித் தொலைய மாட்டேன் என்கிறது.

பாப்பாவின் அம்மா


மார்ச் 19

என் புள்ளிவிவரப் புலிக்கு,

கோபப்படாதே. இங்கே கப்பல் மேல் கப்பல். ஒன்றை இறக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது, மூச்சு விட நேரமில்லை. நீ கேட்டதை மாத வாரியாகத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், எல்லாம் கன அடியில். ஏறுமுகம்தான். உன் மேலதிகாரி வாயைப் பிளக்கப் போகிறார் பார். வருடக் கடைசியில் கட்டாயம் வருவேன் என்று பாப்பாவிடம் சொல்.

உன் மரக்காரன்


ஏப்ரல் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கணக்கை நம்பி அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். நேற்று மேலதிகாரி கூப்பிட்டார். அந்த மூன்று வருடக் கணக்கு இப்போது வெளியாகியிருக்கிறது. ஏறவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது.

“இது எங்கேர்ந்தும்மா வந்துச்சு? அந்தத் துறைமுகத்துல கன அடியை விட்டு மூணு வருஷமாச்சு. இப்ப எல்லாம் கன மீட்டர்தான்” என்றார்.

தினமும் டேப் பிடிக்கிறவருக்கு இது தெரியாமல் போகுமா? நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? வேறு யாராவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 29

அன்புள்ளவளுக்கு,

சத்தியமாக வேறு யாரும் இல்லை. மர வரத்து குறைந்ததும் கிடங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். மூன்று வருடமாக ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். உன் அண்ணன்கள் முன்னால் அவ்வளவு மார்தட்டிவிட்டு வந்தவன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருவேன்?

உன் கடிதம் வந்ததும் கிடங்கில் அளந்து எழுதிய பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு மாதமாகப் புளுகினேன். எழுதிய இரண்டு நாளும் மறுபடி கிடங்கில் நிற்கிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.


மே 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

விரிப்பு மடிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் “சரி, அதனாலென்ன” என்றிருப்பேன். என் வேலை போகவில்லை, மரியாதைதான் போனது. இனி நான் போடும் ஒவ்வொரு அட்டவணையையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் விட்ட கப்பல்களைச் சொல்லிச் சொல்லி மூன்று வருடம் ஒரு குழந்தையை ஏமாற்றியிருக்கிறேனே, அதுதான் ஆறவில்லை.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடனே கேட்டாள்:

“அப்போ அப்பாவுக்கு அங்க வேலை ஜாஸ்தி இல்லையா? பின்ன ஏம்மா வரல?”

நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தை இனி அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.